திறமைக்கும் ஆயுள் வேண்டும்

சீட்டாட்டம் என்றதும், ஏரிக்கரை மரத்தடியில் துண்டை விரித்து நாலு பேர் குந்தியிருக்க, ஐந்தாமவன் போலீஸ் வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியே நம்மில் வயதானவர்களுக்கு நினைவில் எழும். ஆனால் சென்ற பத்தாண்டுகளில் அந்த ஆட்டம் மரத்தடியை விட்டெழுந்து, வீட்டுக்குள் புகுந்து, போர்வைக்குள் ஒளிந்து, கைப்பேசியின் சிறு வெளிச்சத்தில் நடுநிசி கடந்தும் நடந்துவந்தது என்பதை, ஒதியம்பட்டிலோ புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூனில் வேறெந்த ஊரிலோ வயது வந்த பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள். காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டிய அவசியமில்லை; எதிரே அமர்ந்திருப்பவன் எந்த ஊரான் என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை; நோட்டு கைமாறுவதை எவரும் காண முடியாது.

2025 ஆகஸ்டு 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் விலக்கிவிட்டது. அந்த வாரமே பெரிய நிறுவனங்கள் தம் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. அத்தோடு விவகாரம் தீர்ந்தது என்று பெரியவர்கள் நிம்மதியடைய, பிள்ளைகளோ தங்கள் நியாயம் கேட்கப்படவே இல்லை என்று மனத்தாங்கலுடன் இருக்கிறார்கள். ரம்மியையும், குறிப்பாகப் போக்கர் போட்டிகளையும் ஆடிப் பழகிய இளைஞர் சொல்வது ஒன்றே: “இது சூதாட்டம் இல்லை, திறமை, நியாயஸ்தலமே ஒப்புக்கொண்ட திறமை.” இந்த வாதத்தை ஏளனம் செய்து தள்ளிவிடுவது எளிது. அதை முழுவதும் ஒப்புக்கொண்ட பின்பும், அந்த ஆட்டம் நம் வீடுகளுக்கு ஏற்றதன்று என்று காட்ட முடியுமா என்பதே என் யோசனை. முடியும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் திறமை உண்மை. ஆனால் அத்திறமை பலன் தருவதற்கு ஆகும் காலம், ஆடுகிறவனுடைய பணத்தின் ஆயுளைவிட மிக நீண்டது.

போக்கர் ரம்மியைப் போல நம் ஊருக்குப் பழகிய ஆட்டமன்று. ஆகவே சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையில் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டே சீட்டுகள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ‘ரிவர்’ எனப்படும் ஒன்று என்று திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவன் ஜெயித்தவன். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், ஒத்துப்போகலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கையில் ஒன்றும் இல்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் துணிந்து ஏற்றி மற்றவரை விரட்டுவதும், நல்ல கை வைத்திருப்பவன் தயங்குவதுபோல் நடித்து எதிரியை உள்ளே இழுப்பதும் இதன் யுக்திகள். கணக்கும் மனோதத்துவமும் பொறுமையும் கலந்த ஆட்டம் என்பதில் ஐயமில்லை.

போட்டி என்று வரும்போது ஒவ்வொருவரும் பிரவேசக் கட்டணம் செலுத்தி, சமமான சில்லுகளைப் பெற்று அமர்கிறார்கள். அந்தச் சில்லுகளைக் காசாக்கிக்கொண்டு நடுவில் எழுந்துபோக முடியாது. சில்லு தீர்ந்தவன் வெளியேற, கடைசிவரை நிலைத்தவனே முதற்பரிசுக்குரியவன். எவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்துவிடக் கூடாதென்று, ‘ப்ளைண்ட்’ எனப்படும் கட்டாயப் பந்தயம் எட்டு அல்லது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். தொடக்கத்தில் நூறு கை ஆடத் தாங்கும் சில்லு, இரண்டு மணி நேரத்துக்குப் பின் பத்துக் கைகூடத் தாங்காது. எத்தனை சாமர்த்தியசாலியானாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இருந்ததையெல்லாம் முன்னே தள்ளி ‘ஆல்-இன்’ என்று நின்றே ஆகவேண்டும். இதற்கு மேலாக, முதல் ஒரு மணி நேரத்தில் தோற்றவன் மீண்டும் கட்டணம் கட்டி நுழையலாம் என்றொரு வசதியும் உண்டு. ஒரே இரவில், ஒரே போட்டிக்கு, ஒரே ஆள் மூன்று முறை பணம் கட்டுவது இவ்விதமே.

உதாரணத்துக்கு எண்களை முழுமைப்படுத்திக் கொண்டு ஒரு போட்டியின் கணக்கைப் பார்ப்போம். கட்டணம் 550 ரூபாய். அதில் 50 நடத்தும் நிறுவனத்துக்கு, 500 பரிசுத் தொகைக்கு. ஆயிரம் பேர் சேர்ந்தால் பரிசு 5 லட்சம். நிறுவனத்துக்கு, எவன் ஜெயித்தாலும் எவன் தோற்றாலும், 50 ஆயிரம். பரிசு பெறுவோர் சுமார் 150 பேர். மற்ற 850 பேர் வெறுங்கையோடு உறங்கப் போவார்கள். அந்த 150 பேரிலும் பெரும்பாலோர்க்குக் கட்டியதைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ கிடைக்கும். பரிசுத் தொகையில் பாதியளவு கடைசி மேஜையில் அமரும் ஒன்பது பேருக்கே போய்விடும். ஆகவே பத்துப் போட்டியில் இரண்டில் கடைநிலைப் பரிசு பெறுகிறவனும் 5,500 ரூபாய் கட்டி 1,800 ரூபாய் பெற்றவனே. லாபம் முழுவதும் அந்தக் கடைசி மேஜையில் குவிந்திருக்கிறது. அங்கே போய்ச் சேருவதோ அபூர்வமாக நேர்வது. மிகச் சிறந்த ஆட்டக்காரனுக்கும் ஓராண்டின் லாபநஷ்டம் நாலைந்து இரவுகளில் தீர்மானமாகிறது. எஞ்சிய இரவுகளெல்லாம் சிறுகச் சிறுகத் தேய்ந்துபோகும் இரவுகளே.

தடைக்கு முந்திய காலத்தில் ஓர் இரவு, தனியார் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் என் தங்கை மகன் திண்ணையில் அமர்ந்து இப்படியொரு போட்டியை ஆடிக்கொண்டிருக்க, நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயிரத்துக்குமேல் சேர்ந்த கூட்டத்தில் ஏறக்குறைய 160 பேர் மிஞ்சியிருந்தார்கள். இன்னும் பத்துப் பேர் வெளியேறினால் எல்லாருக்கும் பரிசு. அவனுக்கு இஸ்பேட் ஏஸும் டைமன் ஏஸும் வந்தன. 221 கைக்கு ஒருமுறை வரும் சீட்டு அது. அதைவிட உயர்ந்த ஜோடி கிடையாது. எதிரி முழுச் சில்லையும் தள்ள, இவனும் தள்ளினான். எதிரி திறந்து காட்டியது இரண்டு ராஜா. நடுச்சீட்டு மூன்று திறந்தது, அதில் ராஜா இல்லை. நான்காவது திறந்தது, அதிலும் இல்லை. மீதமிருந்த 44 சீட்டில் எதிரியைக் காப்பாற்றக்கூடியவை இரண்டே; மற்ற 42இல் எது வந்தாலும் இவன் பக்கம். வந்தது ஆடுதன் ராஜா. திரை மங்கி, தாங்கள் பெற்ற இடம் இன்னதென்று ஓர் எண் தோன்றியது. “தப்பா எதுவும் ஆடல மாமா. கரெக்டாத்தான் போட்டேன். ரிவர்ல வந்துட்டான்” என்றான், அதே மூச்சில், “பதினொன்றரைக்கு இன்னொன்னு இருக்கு” என்று விரலை நகர்த்தினான்.

அவன் சொன்னது முற்றிலும் மெய். உலகத்து வல்லுநர் எவரைக் கேட்டாலும் அந்தக் கையை அவ்வாறே ஆடியிருக்க வேண்டும் என்பார்கள். முதலில் சில்லைத் தள்ளியபோதே ஏஸ் ஜோடிக்கு ராஜா ஜோடியின்மேல் நூற்றுக்கு எண்பதுக்கும் சற்று அதிகமான சாதகம் உண்டு. ஆனால் ஒரு போட்டியில் ஒருமுறை மட்டும் உயிரைப் பணயம் வைத்தால் போதாது. ஐந்து முறை அவ்விதம் நிற்க நேர்ந்து, ஐந்திலும் எண்பது விழுக்காட்டுச் சாதகத்தோடு நிற்கும் பாக்கியமும் வாய்த்தாலும், ஐந்திலும் தப்புவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 33தான். மூன்று இரவுகளில் இரண்டில், ஒரு பிழையும் செய்யாதவன் வெறுங்கையோடு எழுந்திருக்கிறான். பிழை செய்து தோற்றவனுக்காவது திருந்த ஒரு வழியுண்டு. பிழையே செய்யாமல் தோற்றவனுக்கு ‘அடுத்தது’ என்ற ஒன்றைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. இந்த ஆட்டத்தின் நுட்பமான ஆபத்து இதுவே.

திறமை வெளிப்பட எத்தனை காலம் ஆகும் என்பதற்கு விஞ்ஞானிகளே ஒரு சான்று தந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2015இல் கிளாடிகோ என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். 80,000 கை ஆடி முடித்தபோது மனிதர்களே 7 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சில்லுகள் முன்னணியில் நின்றார்கள். ஆயினும் அந்த வித்தியாசத்தைக் கொண்டு யார் வல்லவர் என்று விஞ்ஞான ரீதியாக உறுதி கூற இயலாது, சமநிலை என்றே கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இரண்டாண்டு கழித்து 2017 ஜனவரியில், துவாமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் ஆகிய இருவரும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல், 20 நாட்களில் 1,20,000 கை ஆடி நான்கு வல்லுநர்களையும் ஐயத்துக்கு இடமின்றி வென்றது. போக்கரில் திறமை உண்டு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் 80,000 கைக்குப் பின்னும் விஞ்ஞானிகள் தீர்ப்புக் கூறத் தயங்கிய ஒன்றை, ஒரு மாதம் ஆடிப் பார்த்துவிட்டு ‘எனக்குத் திறமை இருக்கிறது’ என்று நம் பிள்ளை எப்படித் தீர்மானிக்கிறான்?

கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஒரு போட்டிக்குச் சராசரியாக நூறு ரூபாய் லாபம் எடுக்கக்கூடிய, மெய்யாகவே கைதேர்ந்த ஓர் ஆட்டக்காரன் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; அத்தகையவர் ஆயிரம் பேர் கூட்டத்தில் சிலரே. அவனும் நூறு போட்டி ஆடிய பிறகு நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே. ஆயிரம் போட்டி ஆடினாலும் அவ்வாய்ப்பு அற்றுப்போவதில்லை. இரவுக்கு ஒன்று வீதம் ஆயிரம் ஆட ஏறக்குறைய மூன்றாண்டு ஆகும். மாதம் ஒன்றுக்குக் கட்டணம் மட்டும் 16,500 ரூபாய். நம் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு மாதச் சம்பளமே அந்த அளவுதான். பாகூர் வட்டாரத்து விவசாயிக்கு இந்த நியாயம் தெரியும்: சாகுபடியில் கெட்டிக்காரனாயிருந்தால் மட்டும் போதாது, இரண்டு போகம் பொய்த்தாலும் மூன்றாம் போகத்துக்கு விதைநெல் வைத்திருக்கிறவனே விவசாயியாக நீடிக்கிறான். தொழில்முறைப் போக்கர்க்காரர்கள் நூறு, இருநூறு போட்டிகளின் கட்டணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதில் குறைந்தால் கட்டணம் குறைந்த போட்டிகளுக்கு இறங்கி, சில சமயம் தம் நஷ்டத்தில் பிறரைப் பங்காளியாக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். அவ்வளவு முன்னேற்பாடு உள்ளவனுக்கே அது ஒரு தொழில்.

இருந்தும் ஜனங்கள் ஏன் வந்து குவிகிறார்கள் என்றால், ஜெயித்தவன் கதை உலகம் சுற்றுகிறது, தோற்றவன் கதை அவன் வீட்டுப் படி தாண்டுவதில்லை. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்து, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர் போட்டியில் இடம் பிடித்து, 839 பேரைக் கொண்ட அப்போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். மூன்றே ஆண்டுகளில், 2006இல், அதே போட்டிக்கு வந்தவர் தொகை 8,773. அவர் வென்றது மெய். ஆனால் அந்த மெய்யை நம்பிப் பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கானோரின் கணக்கை எவரும் எழுதவில்லை. நம் நாட்டவரான சந்தோஷ் சுவர்ணா 2024இல் லாஸ் வேகாஸில் 54 லட்சம் டாலர் வென்றபோது இந்தியப் போக்கர் உலகம் பெருமிதம் கொண்டது; அப்போட்டியின் பிரவேசக் கட்டணம் இரண்டரை லட்சம் டாலர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அப்பெருமிதத்தின் பொருள் விளங்கும். சூதைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதன் தொடக்கத்திலேயே தோல்வியைக் காட்டிலும் வெற்றியைக் கண்டு அஞ்சச் சொன்னது எத்தனை தீர்க்கதரிசனம்! முதல் மாதத்தில் ஜெயித்தவனே ஆறாம் மாதத்தில் அதிகமாக இழக்கிறான். ஏனென்றால் தன்னிடம் திறமை உண்டென்பதற்கு அவனிடம் ஒரு சாட்சி இருக்கிறது.

இவையெல்லாம் ஆட்டம் யோக்கியமாக நடக்கிறது என்ற அனுமானத்தின் பேரில் சொன்னவை. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அப்சல்யூட் போக்கர், அல்டிமேட் பெட் என்ற வெளிநாட்டுத் தளங்களில், எதிராளியின் மறைந்த சீட்டுகளைப் பார்க்கும் கள்ள வசதியைக் கொண்டு சிலர் கொள்ளையடித்தது அம்பலமாயிற்று. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க சர்க்கார் மூன்று பெருந்தளங்களின் மேல் நடவடிக்கை எடுத்தபோது, அவற்றுள் ஒன்றான ஃபுல் டில்ட், ஆட்டக்காரர்கள் நம்பி ஒப்படைத்த தொகையைத் திருப்பித் தரவே கையில் பணமின்றி நின்றது. சகுனியின் பகடை இல்லாத இடத்திலேயே தருமன் நிலை இதுவென்றால், இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஆட்டத்தின் இறக்கம் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை நம் கொம்யூனில் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சம்பளத்தில் மிச்சம் போகும். பிறகு மகளிர் குழுவில் அம்மா வாங்கிய கடன் தவணை தவறும். பிறகு மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகும். அதன்பின் ஐந்தே நிமிஷத்தில் பணம் தரும் கடன் செயலிகள் வந்து சேரும். 2020 அக்டோபரில் வில்லியனூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பஸ்தர் இணையவழி ரம்மியில் பெருந்தொகை இழந்து தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது, இந்தப் பகுதியே சில நாள் பேச்சற்றிருந்தது. அதற்கடுத்த மாதமே தமிழ்நாட்டு அரசு தன் முதல் தடைச் சட்டத்தை அவசரமாகப் பிறப்பித்தது.

அந்தச் சட்டம் பட்ட பாடு, திறமை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நியாயஸ்தலங்களும் சட்டமன்றங்களும் எத்தனை காலம் போராடின என்பதற்கு அத்தாட்சி. திறமை மேலோங்கிய போட்டி சூதாட்டமாகாது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1957இல் வகுத்தது. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமையே என்றது. 1996இல் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் சென்னைக் குதிரைப் பந்தயத்தையும் திறமையின் பக்கம் சேர்த்தது. இவற்றைப் பின்பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தடையை ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் கொண்டுவரப்பட்ட புதிய மசோதா, ஆளுநர் திருப்பியனுப்ப, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாதலின் தடைக்குள் வாரா என்றது. தீர்ப்புகளில் நான் குறை காண வரவில்லை. நியாயாதிபதிகள் ஆட்டத்தைப் பார்த்தார்கள், ஆட்டத்தில் திறமை இருந்தது, அதைச் சொன்னார்கள். ஆடுகிறவனுடைய சம்பளச் சீட்டு அவர்கள் முன் இல்லை.

பின்னர் 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் இணையவழி விளையாட்டு ஆணையம் வேறொரு வழியை மேற்கொண்டது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் கொண்டு வயதை உறுதி செய்ய வேண்டும், தொடர்ந்து ஆடுகிறவனுக்கு இடையிடையே எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற அந்த விதிகளை 2025 ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் ஏற்றது. இங்கேதான் நமக்கு ஒரு விசித்திரம் நேர்ந்தது. புதுச்சேரிக் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் கைவிரல்களைக் கோத்தாற்போல் கலந்து கிடக்கும் பூமி இது. ஒரு வாய்க்காலுக்கு அந்தப்புறம் விழுப்புரம் மாவட்டம், இந்தப்புறம் வில்லியனூர்க் கொம்யூன். அந்தப்புறத்துப் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட வேண்டும் என்பது அப்போது சட்டமாயிருந்தது. இந்தப்புறத்துப் பிள்ளைக்கு அச்சட்டம் செல்லவில்லை. கைப்பேசிக்குள் நடப்பதை எல்லைக் கல் நட்டு ஆள முடியாது என்பதும், தேசம் முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்பதும் இதனாலேயே தெளிவாகும்.

அந்த விதியை மத்திய சட்டம் தந்தது. பணம் வைத்து ஆடுவதா இல்லையா என்று மட்டும் கேட்டு, திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கை அது ஓரத்தில் வைத்துவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதித்து, ஆடியவனைக் குற்றவாளியாக்காமல் விட்டது. இவ்விரண்டும் சரியே என்று நான் கருதுகிறேன். நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. அவற்றின் தீர்ப்பு எதுவாயினும், ஒரு குடும்பத்தின் நன்மை தீமையைத் தீர்மானிக்கத் திறமை என்பது தவறான அளவுகோல் என்ற உண்மை மாறப்போவதில்லை.

எதிர்வாதங்களுக்கும் செவிகொடுக்க வேண்டும். “பங்குச் சந்தையில் எதிர்கால பேரங்களை நடத்துகிறவனை விட்டுவிட்டுப் போக்கர் ஆடுகிறவனை ஏன் தடுக்கிறீர்கள்?” என்று பிள்ளைகள் கேட்பது வலுவான கேள்வி. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அந்த வகைப் பேரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அங்கும் திறமையுண்டு, அங்கும் சிறிய முதல் உடையவன் தன் திறமை பலிக்கும் முன்பே தீர்ந்துபோகிறான். இந்த ஒற்றுமை, போக்கரை அனுமதிக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாகாது. அந்தப் பேரத்தையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பதற்கே ஆதாரமாகும். சர்க்காரின் யோக்கியதையைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே. 1968இல் தமிழகத்தில் அரசே பரிசுச் சீட்டு நடத்தியது, 2003இல் லாட்டரி விற்பனையையே தடை செய்தது. மத்திய சர்க்கார் இணைய ஆட்டத்தின் நிகர வெற்றியில் 30 விழுக்காடு வரிப் பிடித்தம் செய்தது, 2023 அக்டோபர் முதல் ஆட்டத்துக்குக் கட்டிய முழுத் தொகையின் மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. வசூலித்தது. இரண்டாண்டுக்குள் அதே ஆட்டத்தைக் கேடு என்று விலக்கியது. வரி வாங்கிய கைக்கு, அந்த ஆட்டத்தால் நொந்த குடும்பங்களின்பால் ஒரு கடமையுண்டு என்பதை மறுக்க முடியுமா?

அந்தக் கடமை இன்னும் நிறைவேறவில்லை. தடைக்குப் பின்னும் வெளிநாட்டுத் தளங்கள் வேறு வேறு பெயரில் எட்டிப் பார்க்கின்றன. அங்கே பணம் போட்டு ஏமாந்தவன் புகார் சொல்லவும் துணியமாட்டான். நம் பக்கத்துக்கே உரிய பழைய வியாதியான மூன்று நம்பர் லாட்டரி, கைது செய்யச் செய்ய முளைத்துக்கொண்டே இருக்கிறது. திண்ணையில் கைப்பேசியை மூடி வைத்தவன் டீக்கடைப் பக்கம் துண்டுச் சீட்டு வாங்கப் போனால் சட்டத்தால் விளைந்த நன்மை என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் நின்றாலும் ஆட்டத்துக்காக வாங்கிய கடன் நிற்கவில்லை. அது மாதந்தோறும் வட்டியோடு வருகிறது. கடனை அடைக்க வேறு வழி தெரியாதவன் மீண்டும் ஆடியே அடைக்கலாம் என்று எண்ணுவது இந்நோயின் இலட்சணம்.

ஆகவே கொம்யூன் பஞ்சாயத்துகளும், மகளிர் குழுக்களும், கூட்டுறவு வங்கிகளும் செய்ய வேண்டியது உண்டு. ஆட்டத்தால் வந்த கடனென்று தயங்காமல் சொல்லி, நியாயமான தவணையில் கட்டி முடிக்க வழி கேட்பவனுக்கு அவமானமில்லாத ஓர் இடம் வேண்டும். கடன் செயலிக்காரர்கள் மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே சொல்லலாம் என்பது ஊரில் எல்லார்க்கும் தெரிந்திருக்க வேண்டும். சூதாட்ட வேட்கையை உலக சுகாதார நிறுவனம் நோயென்று வகைப்படுத்தியிருக்கிறது. ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். ‘பையனுக்குப் பைத்தியமா?’ என்று ஊர் கேட்கும் என்றஞ்சி அங்கே போகாமல் இருப்பதைவிடப் பேதைமை வேறில்லை.

பிள்ளைகளிடம் பேசும்போதும், ‘அது திறமையே இல்லை’ என்று நாம் சாதிக்க வேண்டாம். அவர்கள் நம்மைவிட அதை அறிந்தவர்கள், நம் பேச்சு அந்த இடத்திலேயே செத்துவிடும். பணமில்லாமல் ஆடும் போக்கரைச் சட்டம் விலக்கவில்லை. கணக்கில் ருசியுள்ளவன் அதைச் சதுரங்கம்போல ஆடட்டும், அந்தச் சாமர்த்தியத்தைப் பல்லாயிரம் கை கழித்து நிதானமாக அளந்தும் பார்க்கட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: “உன் திறமை பலிக்க மூன்றாண்டு ஆகுமென்றால், அந்த மூன்றாண்டும் தொடர்ந்து தோற்க உன்னிடம் பணம் இருக்கிறதா? அது யாருடைய பணம்?” ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கட்டியதை ஒருபுறமும் பெற்றதை ஒருபுறமும் அவன் கையாலேயே எழுதிக் கூட்டச் சொன்னால், எந்தத் தீர்ப்பும் எந்தச் சட்டமும் தராத பதில் அந்தப் பக்கத்தின் அடியில் வந்து நிற்கும்.